எண்ணும் பண்ணும்

மார்கழித் திங்கள் பிறந்தவுடன் சென்னை மாநகரின் தென்பகுதியில் இசை வெள்ளம் பெருகத் தொடங்கும். மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் அமைந்த சபைகளில் காலை முதல் இரவு வரை கச்சேரிகள் நிகழும். 1928-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மியூசிக் அகாடமி முதலாகப் பல சபைகள் இத்திருப்பணியை ஆற்றி வருகின்றன. ஆயினும், அரங்கில் எழுந்த இசை அன்றோடு காற்றில் கலந்து மறைந்துவிடும். மறையும் இசையைப் பிடித்து வைத்து, வேண்டும்பொழுதெல்லாம் மீட்டும் கேட்க வழி செய்தது ஒலிப்பதிவுக் கலையாகும்.

இக்காலத்தில் இசை பெரும்பாலும் எண்களாகவே சேமிக்கப்படுகிறது. குறுந்தட்டில் இருப்பதும், கணிப்பொறியில் இருப்பதும், செல்பேசியில் வந்து சேர்வதும் எண்களே. எண்களைக் காதால் கேட்டல் இயலாது. அவற்றை மீண்டும் மின்னலையாக மாற்றித் தருவதற்கு ஒரு கருவி வேண்டும். அதனை 'டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர்' என்றும், சுருக்கமாக 'டாக்' என்றும் வழங்குவர். நாம் அதனை 'எண்ணொலி மாற்றி' என்று கூறுவோம். செல்பேசியினுள்ளும் தொலைக்காட்சியினுள்ளும் ஒரு மாற்றி உண்டு. கம்பியில்லாமல் காதில் செருகிக் கொள்ளும் சிறு கருவியினுள்ளும் ஒன்று உண்டு.

இம்மாற்றிகளுள் பழையன சிறந்தனவா, புதியன சிறந்தனவா என்னும் வழக்கு இசையன்பர்களிடையே நெடுநாளாக நிகழ்ந்து வருகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கருவியைத் தேடிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். ஆண்டுதோறும் வெளிவரும் புதுக்கருவியே மேலானது என்று கருதிப் பழையதை எறிவோரும் உளர். இவ்விரு திறத்தாரின் கூற்றையும் ஆராய்ந்து உண்மை காண்பது பயனுடையதாகும்.

ஒலி எண்ணான வகை

ஒலி என்பது காற்றின் அதிர்வு. 1877-ஆம் ஆண்டில் எடிசன் என்னும் அமெரிக்க அறிஞர் அவ்வதிர்வை ஒரு தகட்டிற் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பின்னர்க் கிராமபோன் இசைத்தட்டு வந்தது. தட்டிலுள்ள பள்ளம் ஒலியலையின் வடிவத்தையே ஒத்து வளைந்து வளைந்து செல்லும். அலைக்கு நிகராக மற்றோர் அலையைச் செதுக்கி வைத்தலே பழைய முறையாகும்.

புதிய முறை இதனின் வேறானது. இதனை நம் மொழியிலிருந்தே ஓர் உவமை கொண்டு விளக்கலாம். ஒருவர் பேசும் பேச்சை நாம் ஏட்டில் எழுதி வைக்கிறோம். எழுத்தின் வடிவத்திற்கும் ஒலியின் வடிவத்திற்கும் ஒப்புமை இல்லை. 'க' என்னும் எழுத்து அவ்வொலியைப் போன்ற உருவம் உடையதன்று. ஆயினும், படிக்கத் தெரிந்த ஒருவர் அவ்வெழுத்தைக் கண்டு அவ்வொலியை மீண்டும் எழுப்புகிறார். அதுபோலவே, ஒலியலையின் உயரத்தைச் சிறு சிறு கால இடைவெளியில் அளந்து, அளவுகளை எண்களாகக் குறித்து வைப்பர். எழுதுவோனுக்கு நிகரானது ஒலியை எண்ணாக்கும் கருவி. படிப்போனுக்கு நிகரானது நாம் ஆராயும் எண்ணொலி மாற்றி.

ஒலியை எண்ணாக்கும் இம்முறையை 1937-ஆம் ஆண்டில் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் வகுத்தார். ஓர் அலையில் உள்ள மிகவிரைவான அதிர்வு எத்தனையோ, அதன் இருமடங்கிற்கு மேற்பட்ட முறை அளந்து வைத்தால், அவ்வலையைக் குறைவின்றி மீட்கலாம் என்னும் உண்மையை 1949-ஆம் ஆண்டில் ஷானன் என்பவர் தெளிவுற நிறுவினார். மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையிலுமே உணரும். ஆகவே, 1982-ஆம் ஆண்டில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபோது, விநாடிக்கு 44,100 முறை அளத்தல் வேண்டும் என்று விதித்தனர். ஒவ்வோர் அளவும் 16 இடம் கொண்ட இரும எண்ணாற் குறிக்கப்படும். ஆதலின், ஓர் அளவு 65,536 படிகளுள் ஏதேனும் ஒன்றில் நிற்கும்.

தமிழிலக்கணம் எழுத்தின் ஒலிக்குக் கால அளவு வகுத்து, அதனை மாத்திரை என்று கூறுகிறது. இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை. அப்பொழுதை விநாடியின் பத்திலொரு பங்கு என்று கொண்டாலும், அதற்குள் 4,410 அளவுகள் குறிக்கப்படுகின்றன என்றால், இம்முறையின் நுட்பம் விளங்குமன்றோ?

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். புள்ளி புள்ளியாக அளந்து வைத்தால், இடையிலுள்ள இசை விடுபட்டுப் போகாதா? போகாது. செவிக்குரிய எல்லைக்குள் அடங்கிய அலைகளுள், அப்புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லத்தக்க அலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த ஒன்றைச் சரியாக வரைந்து காட்டுதலே எண்ணொலி மாற்றியின் கடமை. வரையும் திறத்திலேயே பழையனவும் புதியனவும் வேறுபடுகின்றன.

படிக்கற்களின் முறை

பழைய மாற்றி தராசுக்கடை வணிகனைப் போன்றது. 1, 2, 4, 8 என்னும் எடையுள்ள நான்கு படிக்கற்கள் ஒருவனிடம் இருப்பதாகக் கொள்வோம். இவற்றைக் கொண்டு 1 முதல் 15 வரை எவ்வெடையையும் அவன் நிறுத்துவிடலாம். 13 வேண்டுமாயின் 8, 4, 1 ஆகிய கற்களை வைப்பான். அவ்வாறே 16 கற்கள் இருந்தால் 65,535 வரை நிறுக்கலாம். அவற்றுள் பெரிய கல்லின் எடை 32,768 ஆகும். பழைய மாற்றியில் கற்களின் இடத்தில் மின்னோட்டங்கள் உள்ளன. எண்ணில் எந்த இடத்தில் 1 உளதோ, அந்த இடத்திற்குரிய மின்னோட்டம் சேர்க்கப்படும். 0 உள்ள இடத்தினது விலக்கப்படும். இம்மின்னோட்டங்களைப் பெறுதற்கு மின்தடைகளை ஏணிப்படி போலக் கோப்பதும் உண்டு. ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் பாதியாகக் குறையும். ஆதலின், அதனை ஏணி முறை என்பர்.

கேட்பதற்கு எளிதாகிய இம்முறையைச் செய்து முடித்தல் மிக அரிது. பெரிய கல் ஒரு கிலோ எடையுடையது என்று கொண்டால், சிறிய கல் ஏறத்தாழ 30 மில்லிகிராம். அஃதாவது, ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை. பெரிய கல்லில் ஓர் அரிசியளவு பிழை நேர்ந்தாலும், சிறிய கல்லை வைத்ததும் வையாததும் ஒன்றாகிவிடும். அன்றியும், இப்பிழை பேரொலியில் தோன்றுவதினும் மெல்லொலியிலேயே மிகுதியாகத் தோன்றும். ஒலியலை நடுநிலையைச் சுற்றி மேலும் கீழும் ஆடுவது. நடுநிலையைக் கடக்கும்போது, 32,767 என்னும் எண்ணிலிருந்து 32,768 என்னும் எண்ணிற்குச் செல்ல நேரும். அப்போது பதினைந்து சிறு கற்களையும் ஒருங்கே எடுத்துவிட்டுப் பெரிய கல் ஒன்றை வைத்தல் வேண்டும். அக்கல் பிழையுடையதாயின், அலை அவ்விடத்தில் ஒரு துள்ளல் துள்ளும். பேரிசையில் அத்துள்ளல் மறைந்துபோம். மெல்லிசையிலோ வெளிப்பட்டு நிற்கும்.

வீணை தனம்மாள் (1867–1938) தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். அவருடைய நாதம் மிக மென்மையானது. கேட்போர் மூச்சையும் அடக்கிக் கேட்பர் என்று கூறுவர். அத்தகைய மெல்லிசையை அடையும் பேறே இம்மாற்றிகளுக்கு உண்மையான உரைகல்லாகும்.

கரையீடும் மாற்றியும்

1982-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஜப்பானிய சோனி நிறுவனம் 'சி.டி.பி.-101' என்னும் முதற்குறுந்தட்டுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் ஒரே மாற்றி இடப்பக்கத்து ஒலியையும் வலப்பக்கத்து ஒலியையும் மாறி மாறிக் கவனித்தது. ஆதலின், ஒரு பக்கத்து ஒலி மற்றதனினும் ஒரு விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவு பிந்தியது. மேலும், செவிக்கு அப்பாற்பட்ட கழிவலைகளை விலக்குதற்கு, மாற்றிக்குப் பின்னர்ச் செங்குத்தான வடிகட்டி ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது.

ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தார் வேறொரு வழியை மேற்கொண்டனர். அவர்களிடம் அப்போது இருந்தது 14 இடம் மட்டுமே கொண்ட மாற்றி. எனினும், அவர்கள் எண்களைக் கணக்கிட்டு நான்கு மடங்காகப் பெருக்கி, விநாடிக்கு 176,400 என்னும் விரைவில் அளித்தனர். ஒரு கணக்கில் எஞ்சிய பிழையை அடுத்த கணக்கில் ஏற்றிச் சரிசெய்தனர். இவ்வாறு 14 இடத்தைக் கொண்டே 16 இடத்தின் பயனைப் பெற்றனர். 1985-ஆம் ஆண்டளவில் 'டி.டி.ஏ.1541' என்னும் 16 இடச் சில்லையும் வெளியிட்டனர். இன்று பழைமை விரும்புவோர் போற்றித் தேடுவது பெரும்பாலும் இச்சில்லையே.

இச்சில்லுகளில் படிக்கற்களின் பிழையைத் தீர்க்கும் உபாயம் ஒன்று அமைந்திருந்தது. அதனை வகுத்தவர் வான் டி பிளாஷே என்னும் பொறியியலாளர். அவ்வுபாயத்தை நம் நாட்டு வழக்கம் ஒன்றைக் கொண்டு எளிதில் அறியலாம். தஞ்சைப் பகுதியிலுள்ள ஊர்கள் சிலவற்றில் முற்காலத்தில் 'கரையீடு' என்னும் முறை இருந்தது. ஊரார் நிலத்தைப் பங்கிட்டுக் கொள்வர். ஆனால், அப்பங்கு நிலையானதன்று. குறித்த காலந்தோறும் பங்குகளை மாற்றிக் கொள்வர். வளமான நிலமும் வறண்ட நிலமும் யாவருக்கும் மாறி மாறி வருதலால், முடிவில் யாவரும் ஒத்த பயனைப் பெறுவர். பிலிப்ஸ் சில்லினுள்ளும் இதுவே நிகழ்ந்தது. ஒன்றற்கொன்று சிறிதளவே வேறுபடும் மின்னோட்டங்கள் தம் இடங்களை மிக விரைவாக மாற்றிக் கொண்டே இருந்தன. வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து ஒழிந்தன. கல்லைத் துல்லியமாகச் செதுக்க இயலாவிடினும், நடுவுநிலைமையால் துல்லியம் பெறலாம் என்பதை இது காட்டிற்று. வேறு நிறுவனத்தார் லேசர் ஒளிக்கதிரால் மின்தடைகளைச் செதுக்கிச் சரிசெய்தனர். அதற்குப் பொருட்செலவு மிகுதி.

ஒரே உழக்கின் முறை

1980-களின் இறுதியில் மற்றொரு முறை பரவத் தொடங்கியது. இதற்கு அடிப்படையான கருத்தை 1962-ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய அறிஞர்கள் வெளியிட்டிருந்தனர். 'டெல்டா-சிக்மா' என்பது இதன் பெயர். பல படிக்கற்கள் இருந்தால்தானே அவற்றுள் ஒன்றற்கொன்று பிழை நேரும்? ஒரே உழக்கைக் கொண்டு முகந்து ஊற்றினால் அப்பிழைக்கு இடமேது?

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு விளக்கிற்கு ஒவ்வொரு முறையும் பத்தில் மூன்று உழக்கு எண்ணெய் வார்க்க வேண்டும். ஊழியனிடம் இருப்பதோ முழு உழக்கு ஒன்றே. அவன் என் செய்வான்? முதல் முறை வார்க்காமல், பத்தில் மூன்று பாக்கி என்று மனத்திற் குறித்துக் கொள்வான். இரண்டாம் முறை பாக்கி ஆறு. மூன்றாம் முறை ஒன்பது. நான்காம் முறை பன்னிரண்டு. இப்போது பாக்கி ஓர் உழக்கைக் கடந்துவிட்டது. ஆதலின், ஓர் உழக்கை வார்த்துவிட்டு, எஞ்சிய இரண்டை மேற்கணக்கில் வைப்பான். இவ்வாறே ஏழாம் முறையும் பத்தாம் முறையும் வார்ப்பான். பத்து முறைக்குள் மூன்று உழக்கு வார்த்தாயிற்று, கணக்கும் நேராயிற்று. விளக்கின் சுடரோ இடையறாமல் எரிந்து கொண்டிருக்கும்.

புதிய மாற்றி செய்வதும் இதுவே. குறுந்தட்டின் விரைவினும் 64 மடங்கு, அஃதாவது விநாடிக்கு 28,22,400 முறை, வார்ப்பதா வேண்டாவா என்று அது கணக்கிடுகிறது. இதனால் ஓர் இரைச்சல் பிறப்பது உண்மையே. ஆனால், அவ்விரைச்சல் செவிக்கு எட்டாத உயர் அதிர்வுகளின் பக்கம் தள்ளப்படுகிறது. முறத்திற் புடைக்கும்போது நெல் ஒருபுறமும் பதர் மற்றொரு புறமும் ஒதுங்குதல் போல, இசை ஒருபுறமும் இரைச்சல் மற்றொரு புறமும் ஒதுங்கும். ஒதுங்கிய பதரை நீக்குதற்கு எளிய வடிகட்டியே போதும்.

முதலில் வந்த ஒற்றை உழக்கு மாற்றிகளிலும் குறை இல்லாமல் இல்லை. மெல்லொலியில் வார்க்கும் ஒழுங்கு ஒரே வகையாகத் திரும்பத் திரும்ப வருவதால், மெல்லிய சீழ்க்கை போன்ற ஓசை சிலபோது எழுந்தது. காலக்கணக்கில் சிறிது பிசகினும் ஒலி கெட்டது. ஆகவே, பிற்காலத்தார் ஒரே உழக்கிற்கு மாறாக ஒத்த அளவுள்ள பல உழக்குகளை வைத்தனர். அவை முழுதும் ஒத்திரா ஆதலின், அவற்றைச் சுழற்சி முறையில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். மாணவர்களே! முன்னர்க் கண்ட கரையீடு இங்கும் வந்து புகுந்ததைக் கண்டீர்களா? புதியது பழையதை வென்று அழித்துவிடவில்லை. பழையதன் நல்லறிவைத் தன்னுள் ஏற்றுக் கொண்டே வளர்ந்தது.

அளவு கூறும் உண்மை

மிகப் பெரிய ஒலிக்கும் கருவியின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை டெசிபல் என்னும் அளவாற் குறிப்பர். 16 இடத்தில் இயல்பாக அடங்குவது ஏறத்தாழ 96 டெசிபல். புதிய சில்லுகளுள் நல்லன 120 டெசிபலையும் கடந்து நிற்கின்றன. 24 இடத்திற்கு ஏட்டளவில் உரியது 144 டெசிபல்; ஆனால், மின்தடைகளில் இயல்பாகவே எழும் இரைச்சலால் எக்கருவியும் அவ்வெல்லையை எட்டுவதில்லை. அளவுகோலைக் கொண்டு நோக்கின், புதியனவே மேம்பட்டன என்பதில் ஐயமில்லை. விலையும் வியக்கத்தக்க முறையிற் குறைந்துள்ளது. அக்காலத்தில் உயர்ந்த கருவிகளுக்கே உரித்தாயிருந்த துல்லியம், இன்று செல்பேசியில் செருகும் விரலளவு இணைப்பிலும் கிடைக்கிறது.

அங்ஙனமாயின், பழைய கருவியின் ஒலி இனிது என்று பலர் கூறுவது பொய்யோ? முற்றும் பொய்யன்று, அதற்குக் காரணங்கள் உண்டு. பழைமை விரும்புவோர் சிலர் எண்களைப் பெருக்கும் உறுப்பை நீக்கிவிட்டு, மாற்றியைத் தனியே இயக்குவர். அப்போது உயர்ந்த அதிர்வுகள் தாமே தேய்கின்றன. விநாடிக்கு 10,000 அதிர்வில் தேய்வு முக்கால் டெசிபல் அளவே. 20,000 அதிர்விலோ மூன்று டெசிபலுக்குச் சிறிது மேல். இதனால் தாளத்தின் கூர்மையும் வயலினின் கீச்சொலியும் சற்றே மழுங்கி, ஒலி மென்மையுற்றது போல் தோன்றும். அம்மென்மை சிலர் செவிக்கு இனிக்கலாம். ஆயினும், அது பதிவில் உள்ளதை உள்ளவாறு காட்டியதாகாது. நிறக்கண்ணாடி வழியே காட்சியைக் கண்டது போன்றது.

மற்றொரு காரணம் ஒலியின் அளவு. ஒரு கருவி மற்றதனினும் அரை டெசிபல் உரத்து ஒலித்தால், கேட்போர் அதனை உரத்த ஒலி என்று உணரார். தெளிவான ஒலி என்றே எண்ணுவர். கடைகளில் நிகழும் ஒப்பீடுகள் பலவற்றில் இம்மயக்கம் புகுந்துவிடுகிறது. மூன்றாவது, கருவியின் முதுமை. பழங்கருவியிலுள்ள மின்தேக்கிகள் சென்னையின் வெம்மையால் நாளடைவில் உலர்ந்துவிடும். கடற்காற்று இணைப்புகளை அரிக்கும். ஆகவே, நாற்பதாண்டு கழிந்த ஒரு கருவியின் ஒலி, அது பிறந்த நாளில் ஒலித்த ஒலியன்று.

செவியைச் சோதிக்கும் முறை

செவியே இசைக்கு முடிந்த நடுவர். ஆனால், நடுவர் வழக்காடுவோரின் பெயரையும் செல்வத்தையும் அறியாதிருத்தல் நன்று. இரு கருவிகளை ஒப்பிட விரும்புவோர் முதலில் இரண்டின் ஒலியளவையும் மின்னழுத்தமானியால் அளந்து, நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாடும் இல்லாதவாறு சமன் செய்தல் வேண்டும். பின்னர், எக்கருவி ஒலிக்கிறது என்பது கேட்போர்க்குத் தெரியாதவாறு மறைத்தல் வேண்டும். ஒரே பாடலைப் பத்து முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் இன்ன கருவி என்று கூறச் செய்தல் வேண்டும்.

பத்தில் ஆறு சரியாயின் அதனாற் பெறப்படுவது யாதுமில்லை. நாணயத்தைச் சுண்டி விட்டாலும் அவ்வளவு சரியாக வருதல் இயல்பே. ஒன்பதோ பத்தோ சரியாயின் அது கருதத்தக்கது. ஏனெனில், வெறும் ஊகத்தால் அவ்வாறு நேர்வது 1,024-இல் 11 முறைதான்.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்னும் இருவர் இத்தகைய சோதனை ஒன்றின் முடிவை வெளியிட்டனர். உயர்தரப் பதிவு ஒன்றை நேரே ஒலிக்கச் செய்தும், அதனையே குறுந்தட்டின் அளவிற்குக் குறைத்து மாற்றி ஒலிக்கச் செய்தும், வேறுபாடு தெரிகிறதா என்று வினவினர். 554 முறை சோதித்ததில் 276 முறை விடை சரியாக இருந்தது. இது பாதிக்கும் சற்றுக் குறைவு. 2016-ஆம் ஆண்டில் லண்டனைச் சார்ந்த ராய்ஸ் என்பவர் இவ்வகைச் சோதனைகள் பதினெட்டினை ஒருங்கே ஆராய்ந்து, நூற்றுக்கு 52 அளவில் சரியான விடை வந்ததாகக் கண்டார். வேறுபாடு உண்டு எனினும் அது மிகச் சிறிது என்பதே இவற்றால் போதரும். நன்கு செய்யப்பட்ட கருவிகளின் திறம் செவியின் எல்லையைத் தொட்டுவிட்டது.

எதில் கருத்தூன்றல் வேண்டும்?

ஆயின், வீட்டில் இசை கேட்போர் எதில் பொருளையும் முயற்சியையும் செலவிடல் வேண்டும்? ஒலிபெருக்கி தரும் திரிபு, மாற்றி தரும் திரிபினும் பன்மடங்கு மிகுதி. அறையின் சுவர்களும் ஒலியை மாற்றுகின்றன. கற்பலகைத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட மயிலாப்பூர் அடுக்குமாடி வீட்டில் ஒலி எதிரொலித்துக் கலங்கும். ஒரு கனத்த திரைச்சீலையும், தரையில் ஒரு சமுக்காளமும், நூல்கள் நிறைந்த அலமாரி ஒன்றும் செய்யும் நன்மையைப் புதிய மாற்றி செய்தல் அரிது. தலைக்கு மேற்சுழலும் மின்விசிறியின் ஓசையே ஒலிப்பதிவின் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும்.

இவை யாவற்றினும் தலையாயது மூலப்பதிவின் தரமே. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்பட்ட கரணையால் அதன் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று இயைந்து இசையொலி பிறக்கும் வகையைச் சர் சி.வி. இராமன் 1920-ஆம் ஆண்டில் விளக்கினார். அத்துணை நுட்பமான நாதத்தை ஒலிவாங்கி சரியாகப் பற்றாவிடின், எத்துணை விலையுயர்ந்த மாற்றியும் அதனைப் படைத்துத் தர இயலாது. இல்லாத சொல்லை எப்படிப்பவனும் படித்தல் இயலாதன்றோ?

இங்கு நாம் மறவாது உணர வேண்டியது ஒன்றுண்டு. ஒலியை எண்ணாக்கும் போது நேரும் பிழை நிலைத்து நிற்கும்; எண்ணை ஒலியாக்கும் போது நேரும் பிழை நிலையாது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதினால், அப்பிழை வழிவழியாகத் தொடரும். அதனைக் களைய உ.வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் பல சுவடிகளைத் தேடி, ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கி உழைக்க வேண்டியதாயிற்று. ஆனால், சுவடியைப் படிப்போன் ஒருவன் தவறிப் படித்தால், நாளை மற்றொருவன் திருத்தமாகப் படிப்பான், சுவடிக்குக் கேடில்லை.

பழைய கிராமபோன் தட்டுகளை எண்ணாக மாற்றுவோர் இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். தட்டு நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழல வேண்டியிருக்க, 74 சுற்றே சுழன்றால், பாடகரின் சுருதி ஏறக்குறைய ஒரு சுரத்தானம் இறங்கிவிடும். பழந்தட்டுகள் யாவும் 78 சுற்றிலேயே பதியப்பட்டன என்றும் கூறுவதற்கில்லை. இதனைக் கருதாமல் எண்ணாக்கிவிட்டுத் தட்டையும் தொலைத்துவிட்டால், பின்வருவோர் அத்தாழ்ந்த சுருதியையே அப்பெரியாரின் குரல் என்று நம்பிவிடுவர். தட்டு உடையும் பொருள். நாடா பூசணம் பிடிக்கும் பொருள். ஆகவே, பதிவு செய்யும் பொழுதில் உயர்ந்த கருவியையும் தேர்ந்த செவியையும் பயன்படுத்தல் கடமையாகும். கேட்கும் பொழுதில் உள்ள கருவி எளியதாயினும் இழிவில்லை. இன்று சேமித்த எண்களை நாளை வரும் சிறந்த மாற்றி இன்னும் நன்றாகப் படித்துக் காட்டும்.

முடிவுரை

தொன்மை என்பது கொண்டே ஒன்று நன்றாகிவிடாது; புதுமை என்பது கொண்டே ஒன்று தீதாகிவிடாது. இக்கருத்தை நூல்களைப் பற்றி உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் உரைத்துள்ளார். அவர் நூலுக்குக் கூறியது இக்கருவிகளுக்கும் பொருந்தும். படிக்கற்களைக் கொண்ட பழைய மாற்றி, அரிய மூளையுழைப்பால் விளைந்தது. அதனைப் போற்றுதல் தகும். ஒரே உழக்கால் அளக்கும் புதிய மாற்றி, அதே துல்லியத்தை ஏழையும் பெறுமாறு எளிதாக்கியது. அதனை வரவேற்றலும் தகும். பெயரையும் விலையையும் கேட்டு மயங்காமல், அளந்தும் மறைத்தும் சோதித்துத் தெளிவதே அறிவுடையோர் செயல். எண் என்பது பண்ணைச் சுமந்து வரும் பல்லக்கு. பல்லக்கின் வேலைப்பாட்டை வியந்து நின்று, உள்ளே எழுந்தருளியிருக்கும் பண்ணைக் காண மறத்தல் கூடாது.

வினாக்கள்

1. ஒலியை எண்ணாக்குதலை எழுதுதலோடும், எண்ணை ஒலியாக்குதலைப் படித்தலோடும் ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்?
2. படிக்கற்களின் பிழை மெல்லிசையில் மிகுதியாக வெளிப்படுவது ஏன்?
3. கரையீட்டு முறை மாற்றிகளில் யாண்டெல்லாம் அமைந்துள்ளது?
4. ஒவ்வொரு முறையும் பத்தில் நான்கு உழக்கு வார்க்க வேண்டின், ஊழியன் எம்முறைகளில் வார்ப்பான்? கணக்கிட்டுக் கூறுக.
5. பதிவு செய்வோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள கடமை வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதுக.